கடையில் வராத கோளாறு

தர்மபுரியிலிருந்து சேலம் போகிற வண்டிகள் மேட்டு நிலத்தை விட்டு இறங்குவது தொப்பூரில்தான். தேசிய நெடுஞ்சாலை 44-உம் ரயில் பாதையும் அந்த ஒரே கணவாயைப் பங்கு போட்டுக்கொண்டிருக்கின்றன. சாலை வழியாகப் போகிறவர்களுக்குத் தொப்பூர் என்றதும் விபத்து நினைவுக்கு வரும். ரயிலைப் படம் பிடிக்கிறவர்களுக்கு அது வேறு ஊர். முத்தம்பட்டி ஆஞ்சநேயர் கோயில் பக்கம் காட்டையும் பாறையையும் ஒட்டி ஒற்றைப் பாதை வளைந்து வளைந்து போகிறது. விடுமுறை நாட்களில் தண்டவாளத்திலிருந்து தள்ளி ஒரு மேட்டைத் தேடிப் பிடித்து, கழுத்தில் கேமராவோடு நிற்கும் பையன்களைப் பார்க்கலாம். எர்ணாகுளம் இன்டர்சிட்டி, குர்லா எக்ஸ்பிரஸ், நடுவில் எப்போதாவது ஒரு சரக்கு வண்டி. ஹார்ன் சத்தம் முதலில் வரும். அப்புறம் மலைக்குப் பின்னால் எஞ்சினின் உறுமல். வளைவில் முகம் காட்டி மறைவதற்குள் கிடைப்பது சில நொடிகள். அதற்காக அரை நாள் காத்திருப்பார்கள்.

அந்தச் சில நொடிகளில் கேமரா வேலை செய்யவில்லை என்றால் எப்படி இருக்கும் என்பதை ஒரு நண்பர் மூலம் தெரிந்துகொண்டேன். தொப்பூரை அடுத்த ஒரு சிற்றூரில் ஸ்டூடியோ வைத்திருக்கிறார். கல்யாணம், காதுகுத்து, பாஸ்போர்ட் போட்டோ என்று வாழ்க்கை நடக்கிறது. ரயில் அவருடைய பைத்தியம். பழைய டிஎஸ்எல்ஆர் ஒன்று, செகண்ட் ஹேண்டில் வாங்கிய ஜூம் லென்ஸ் ஒன்று. கல்யாண மண்டபத்தில் ஆயிரக்கணக்கில் படம் எடுத்தாலும் கேமரா முணுமுணுக்காது. கணவாய்க்குக் கொண்டுபோனால் மட்டும் திடீரென்று நின்றுவிடும். திரையில் ஒரு பிழைச் செய்தி வரும். அணைத்துப் போட்டால் சரியாகும், மறுபடி நிற்கும். சேலத்தில் காட்டினார். ரிப்பேர்க்காரர் பத்துப் படம் எடுத்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். “எங்கிட்ட நல்லாத்தானே வேலை செய்யுது தம்பி, நீங்க எப்படிப் புடிக்கிறீங்களோ?”

இந்த வாக்கியம் புதிதல்ல. டிவி, மிக்ஸி, ஸ்கூட்டர், எதைத் தூக்கிக்கொண்டு போனாலும் ஒருமுறையாவது கேட்டிருப்போம். விட்டு விட்டு வரும் கோளாறுக்கு நம் ஊரில் ‘லூஸ் கான்டாக்ட்’ என்று ஒரே பெயர்தான், அது பெரும்பாலும் சரியாகவும் இருக்கும். ஆனால் அந்தப் பெயரைச் சொன்னவுடன் விசாரணை முடிந்துவிடுகிறது. எது லூஸ், எங்கே, எப்போது என்று யாரும் கேட்பதில்லை. முழுதாகச் செத்துப்போன கருவி ரிப்பேர்க்காரருக்கு லட்டு மாதிரி; எங்கே கரண்ட் நிற்கிறது என்று மீட்டர் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். சில நேரம் மட்டும் சாகிற கருவியைப் பார்த்தால் அவருக்குக் கருவி மேல் சந்தேகம் வருவதில்லை, கொண்டுவந்தவர் மேல்தான் வருகிறது.

நண்பர் ஆளுக்கொரு வைத்தியம் கேட்டுச் செய்தார். பேட்டரியை மாற்றினார். மெமரி கார்டை ஃபார்மேட் செய்தார். லென்ஸ் அடியில் இருக்கும் பொன்னிறப் புள்ளிகளைப் பள்ளிக்கூட ரப்பரால் தேய்க்கச் சொன்னார்கள், தேய்த்தார். (யாரும் இதைச் செய்ய வேண்டாம். மேல்பூச்சு தேயும், ரப்பர்த் தூள் கேமராவுக்குள் விழும். பஞ்சு உருளாத துணியில் ஐசோப்ரொபைல் ஆல்கஹால் ஒரு சொட்டு போதும்.) அரிசி டப்பாவுக்குள் இரவு முழுக்கப் போட்டும் வைத்தார். ஒவ்வொன்றுக்குப் பிறகும் கேமரா சில நாள் நன்றாகவே இருந்தது. ஒவ்வொரு வைத்தியரும் தன்னுடையதுதான் பலித்தது என்று நம்பினார்.

விட்டு விட்டு வரும் கோளாறின் சூழ்ச்சி இங்கேதான் இருக்கிறது. அது தானாகவே போகக்கூடியது என்பதால், அது போன நேரத்தில் நாம் என்ன செய்துகொண்டிருந்தோமோ அதற்குப் புகழ் சேர்ந்துவிடுகிறது. போதாக்குறைக்கு, சோதிப்பதே பல சமயம் பாதி ரிப்பேர் ஆகிவிடும். இரண்டு உலோக முனைகள் ஒன்றையொன்று தொட்டபடி மாதக்கணக்கில் மெல்ல அதிர்ந்துகொண்டிருந்தால், கண்ணுக்குத் தெரியாத உரசலில் மேல்பூச்சு தேய்ந்து ஆக்சைடுத் தூள் படிகிறது. மின்சாரம் தடுமாறும். கேமராவைப் பைக்கின் டேங்க் கவரில் போட்டுக் கணவாய் ஏறி இறங்குகிறவர்களுக்கு இந்த அதிர்வு தாராளமாகக் கிடைக்கும். லென்ஸை ஒருமுறை கழற்றி மாட்டினால் அந்தத் தூள் துடைபட்டுத் தொடர்பு திரும்பும். ரிப்பேர்க்காரர் முதலில் செய்வதே லென்ஸைக் கழற்றுவதுதான். அதாவது, பார்க்க உட்காரும்போதே தடயத்தைத் துடைத்துவிடுகிறார். பிறகு எத்தனை படம் எடுத்தாலும் நன்றாகத்தான் வரும்.

பத்துப் படம் எடுத்துப் பார்ப்பதில் இன்னொரு சிக்கலும் உண்டு, கணக்குச் சிக்கல். இருநூறு படத்துக்கு ஒருமுறை வரும் கோளாறு என்று வைத்துக்கொள்வோம். பத்து கிளிக்கில் அது தலைகாட்டும் வாய்ப்பு நூற்றுக்கு ஐந்துதான். மீதி தொண்ணூற்றைந்து முறை கடைக்காரர் நேர்மையாகவே ‘ஒன்றுமில்லை’ என்பார். கோளாறு போய்விட்டது என்று ஓரளவு தைரியமாகச் சொல்ல எத்தனை படம் எடுக்க வேண்டும்? புள்ளியியலில் ‘மூன்றின் விதி’ என்ற ஒன்று இருக்கிறது. ஒரு பழுதும் இல்லாமல் எத்தனை முறை ஓட்டிப் பார்த்தோமோ அந்த எண்ணால் மூன்றை வகுத்தால் வருவதுதான், 95 விழுக்காடு உறுதியோடு சொல்லக்கூடிய பழுது விகிதத்தின் உச்சவரம்பு. இருநூறில் ஒன்றுக்கு மேல் இல்லை என்று சொல்ல அறுநூறு படம் தொடர்ந்து சுத்தமாக வர வேண்டும். ஷட்டருக்கு ஒரு லட்சம், ஒன்றரை லட்சம் என்று ஆயுள் கணக்கு எழுதி விற்கும் பொருள் இது. வேறொருவர் கேமராவில் அறுநூறு முறை ‘டக் டக்’ என்று அடித்துப் பார்க்க எந்தக் கடையில் நேரம் இருக்கிறது? சர்வீஸ் சார்ஜ் வாங்கவும் கூச்சமாக இருக்கும்.

எண்ணிக்கையைவிட எங்கே வைத்துச் சோதிக்கிறோம் என்பது முக்கியம். நண்பரின் கேமரா விஷயத்தில் விடை அங்கேதான் கிடைத்தது.

டிஎஸ்எல்ஆரில் பட்டனை அழுத்திய பிறகு நடப்பதை மெதுவாக ஓட்டிப் பார்த்தால் பொம்மலாட்டம் போல இருக்கும். கண்ணாடி மேலே மடங்குகிறது. அதன் முதுகில் ஒட்டியிருக்கும் சின்னக் கண்ணாடியும் சேர்ந்து மடங்குகிறது. லென்ஸுக்குள் இருக்கும் இதழ்கள், அதுவரை முழுக்கத் திறந்திருந்தவை, நாம் வைத்த அளவுக்குச் சுருங்குகின்றன. ஷட்டரின் முதல் திரை ஓடுகிறது, இரண்டாம் திரை பின்தொடர்கிறது. இதழ்கள் மறுபடி விரிகின்றன, கண்ணாடி கீழே விழுகிறது. கண்மூடித் திறப்பதற்குள் இத்தனையும் முடிந்துவிட வேண்டும். இதில் ஏதாவது ஒன்று ‘நான் முடித்துவிட்டேன்’ என்று தகவல் சொல்லாவிட்டால் கேமரா நின்றுகொண்டு பிழைச் செய்தி காட்டும். கேனானின் ஆரம்பகால டிஜிட்டல் கேமராக்களில் இவற்றில் பல கோளாறுகளுக்குச் சேர்த்து ‘எர்ர் 99’ என்ற ஒரே எண்தான் வரும். என்னமோ ஆகிவிட்டது என்று அதற்கு அர்த்தம். பின்னால் வந்த மாடல்களில்தான் ஷட்டருக்கு 30 என்பதுபோல் தனித்தனியாகப் பிரித்துக் கொடுத்தார்கள்.

இதழ்கள் முழுக்கத் திறந்தே இருக்கும் நிலையில் படம் எடுத்தால் அவை அசைய வேண்டிய தேவையே இல்லை. கல்யாண மண்டபத்தில் வெளிச்சம் போதாது. நண்பர் லென்ஸை முழுக்கத் திறந்துவைத்து ஃப்ளாஷ் போட்டு எடுப்பார். சேலத்துக் கடையில் இரண்டு ட்யூப்லைட். ரிப்பேர்க்காரர் கேமராவை ஆட்டோவில் வைத்து எதிர்ச் சுவரை எடுக்கிறார். மங்கிய வெளிச்சத்தைப் பார்த்த கேமரா தானே லென்ஸை முழுக்கத் திறந்துகொள்கிறது. இதழ்கள் அசையவில்லை. தொப்பூரில், உச்சி வெயிலில், மலையும் வண்டியும் சேர்ந்து துல்லியமாக விழ வேண்டும் என்று எஃப்8 வைத்து, அகலக் கோணத்துக்கு ஜூமைத் திருப்புகிறார். அங்கேதான் இதழ்கள் சுருங்க வேண்டியிருக்கிறது. அவற்றை இயக்கும் மோட்டாருக்குப் போகும் ரிப்பன் கேபிள் ஜூமைத் திருப்பும் ஒவ்வொரு முறையும் மடங்கி நிமிர்கிற இடத்தில் இருக்கிறது. ஆண்டுக்கணக்கில் மடங்கி, உள்ளே ஒரு செம்புக் கோடு மயிரிழை அளவுக்கு விரிசல் விட்டிருந்தது. ஜூம் ஒரு பக்கம் நிற்கும்போது விரிசலின் இரு கரைகளும் தொட்டுக்கொண்டிருக்கும், இன்னொரு பக்கம் திரும்பினால் விலகும்.

ஆக, அந்தக் கோளாறு தொப்பூரில் வந்ததும் சேலத்துக் கடையில் வராததும் ஆளைப் பொறுத்ததல்ல, ராசியைப் பொறுத்ததும் அல்ல. வெயிலைப் பொறுத்தது. கடைக்குள் நுழைந்ததுமே நோய் போய்விடும், ஏனென்றால் கடைக்குக் கூரை இருக்கிறது.

இதைக் கண்டுபிடித்தது எந்தக் கருவியும் இல்லை, அவருடைய பழைய படங்கள்தான். ஒவ்வொரு படக் கோப்புக்குள்ளும் எடுத்த நேரம், இதழ்த் திறப்பு, ஜூம் நிலை எல்லாம் எழுதப்பட்டிருக்கும். பல கேமராக்கள் தம் உடம்பின் வெப்பத்தைக்கூடக் குறித்துவைக்கின்றன. ஃபில் ஹார்வி என்பவர் எழுதி இலவசமாக விட்டிருக்கும் எக்ஸிஃப்டூல் என்ற நிரலில் போட்டால் அத்தனையையும் அட்டவணையாகக் கொட்டிவிடும். நாங்கள் முதலில் வெப்பத்தைச் சந்தேகித்தோம். வரிசைப்படுத்திப் பார்த்தால் சூடான கேமராவில் எடுத்த படங்கள் ஏராளமாக நன்றாக இருந்தன. எதுதான் இல்லை என்று தேடினோம். சில மாதங்களாக எஃப்8-உம் அகலக் கோணமும் சேர்ந்த படங்கள் ஏறக்குறைய இல்லவே இல்லை. அவருக்கு மிகப் பிடித்த அமைப்பே அதுதான். முந்தைய வருடக் கோப்புகளில் அது மலைபோல் குவிந்து கிடந்தது. அதன் பிறகு சோதனை சுலபம். லென்ஸ் பக்கத்தில் இருக்கும் ஆழப் புலம் பார்க்கும் பட்டனை அழுத்தினால், படம் எடுக்காமலே இதழ்கள் சுருங்கும். ஷட்டர் ஆயுளில் ஒரு கிளிக் கூடச் செலவில்லை. ஜூமைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக்கொண்டே அதை அழுத்தினோம். ஒரு இடத்தில் கேமரா நின்றது. மறுபடி அதே இடம், மறுபடி நின்றது. அப்போது அவர் முகத்தில் வந்த சந்தோஷத்தை, தன் பொருள் உடைந்திருப்பது உறுதியானதற்காக ஒருவர் சந்தோஷப்படுவதை, வேறெங்கும் பார்த்ததில்லை.

வெப்பத்தைச் சந்தேகித்தது வீண் சந்தேகம் அல்ல. டிஎஸ்எல்ஆர் வரலாற்றில் அதிகம் பேசப்பட்ட கோளாறுகளில் ஒன்று வெப்பத்தில் வந்ததுதான். கேனான் 2007இல் வெளியிட்ட இஓஎஸ்-1டி மார்க் 3, விளையாட்டுப் படக்காரர்களுக்கான உச்ச மாடல், நொடிக்குப் பத்துப் படம். வந்த சில மாதங்களில், வெயில் நாளில் ஓடும் ஆட்டக்காரர்களை எடுத்தால் குவியம் தாறுமாறாக அலைகிறது என்று ராப் கால்பிரெய்த் என்ற புகைப்படக்காரர் விரிவாக எழுதினார். குளிர்ந்த நாளில், மேகமூட்டத்தில், அதே கேமரா ஒழுங்காக இருந்தது. பலர் நம்பவில்லை. அமைப்பைத் தப்பாக வைத்திருப்பார், பழக்கம் போதாது என்றார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் கேனானே ஒப்புக்கொண்டது: முதன்மைக் கண்ணாடியின் முதுகில் இருக்கும் அந்தத் துணைக் கண்ணாடியின் அமைப்பில் குறை. குவிய உணரிக்கு ஒளியைத் திருப்பிவிடுவது அதுதான். அதன் கோணம் இம்மி பிசகினாலும் குவியம் இடம் மாறும். இலவசமாகச் சரிசெய்து கொடுத்தார்கள். குறை நீக்கி வந்த புதிய கேமராக்களின் பெட்டியில் ஒரு நீலப் புள்ளி வைத்தார்கள். வாங்குகிறவர்கள் கடையில் முதலில் தேடியது அந்தப் புள்ளியைத்தான்.

பெரும்பாலான கேனான் கேமராக்களின் கையேட்டில் இயங்கும் வெப்பநிலை 0 முதல் 40 டிகிரி வரை என்று போட்டிருக்கும். அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும். 40 என்பது காற்றின் வெப்பம். சித்திரை மாதத்துத் தர்மபுரி நிழலிலேயே அதன் பக்கத்தில் போய் நிற்கும். பாறை மேல் கறுப்பு உடம்போடு வெயிலில் காயும் கேமராவின் உள்ளே எவ்வளவு இருக்கும் என்று அந்தக் கையேட்டை எழுதியவர்கள் யோசித்திருப்பார்களா?

நிக்கான் டி600 கேமராவின் கதையும் இங்கே சேரும்; அது விட்டு விட்டு வந்த கோளாறு இல்லை என்றாலும், நிறுவனம் இறங்கிவர அங்கேயும் நாளானது. 2012 செப்டம்பரில் வந்தது. சென்சரில் புள்ளி புள்ளியாக அழுக்குச் சேர்கிறது என்றார்கள். உள்ளே தூசு சேர்வது சகஜம், ஊதித் துடையுங்கள், போகாவிட்டால் சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுவாருங்கள் என்ற தோரணையில்தான் 2013 பிப்ரவரியில் நிறுவனத்தின் முதல் அறிவிப்பு வந்தது. அக்டோபரில் புது ஷட்டரோடு டி610 சந்தைக்கு வந்துவிட்டது. 2014இல் சீன அரசுத் தொலைக்காட்சி நுகர்வோர் தினத்தன்று விஷயத்தைப் போட்டு உடைத்தது, ஷாங்காயில் விற்பனையை நிறுத்தச் சொல்லி உத்தரவு வந்தது. இலவசமாக ஷட்டரை மாற்றித் தர நிறுவனம் முன்வந்ததும் அந்த ஆண்டில்தான்.

ஒரு கருவி எப்போதும் தவறினால் கருவியைக் குறை சொல்கிறோம். சில நேரம் மட்டும் தவறினால், அந்த நேரத்தில் அதைக் கையில் வைத்திருந்தவரைக் குறை சொல்கிறோம். மற்ற நேரமெல்லாம் ஒழுங்காக இருக்கிறதே, மாறியது ஆள்தானே என்பது தர்க்கம். மாறியது வெயிலாக இருக்கலாம், சரிவாக இருக்கலாம், ஈரமாக இருக்கலாம். அவற்றைக் கூண்டில் ஏற்ற முடியாது.

இந்தத் தர்க்கம் தொப்பூர்ச் சாலையில் தினமும் ஓடுகிறது. 2020 டிசம்பர் 12 அன்று சிமென்ட் ஏற்றி வந்த லாரி ஒன்று கட்டுப்பாடு இழந்து முன்னால் நின்ற வண்டிகள் மேல் ஏறியதில் 4 பேர் இறந்தார்கள். 2024 ஜனவரி 24 அன்று மறுபடியும் 4 பேர். அதன் கண்காணிப்பு கேமராக் காட்சி எல்லார் போனிலும் சுற்றியது. இரண்டுக்கும் நடுவில், பேப்பரில் நான்கு வரிச் செய்தியாகப் போன விபத்துகள் பல. டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறக்குகிறார்கள் என்று போலீஸ் சொல்வது உண்மைதான். இறக்கத்தில் கியரை எடுத்துவிட்டால் எஞ்சினின் பிடி போய்விடும், பாரம் முழுவதும் பிரேக்கின் தலையில் விழும். டிரம் கொதிக்கக் கொதிக்க லைனிங்கின் உராய்வு குறைகிறது. டிரம் விரிவதால் ஷூ நகர வேண்டிய தூரமும் கூடுகிறது. டிரைவர் மிதிக்கிறார், வண்டி கேட்பதில்லை. ஒரு மணி நேரம் கழித்து ஆறிய பிறகு அதே பிரேக் பிடிக்கும். மேட்டு நிலத்தில் கிளம்பும்போதும் பிடித்தது, அடிவாரத்தில் நிறுத்திப் பார்த்தாலும் பிடிக்கிறது. நடுவில் இருந்த சில கிலோமீட்டரில் மட்டும் அது பிரேக்காக இல்லை. ஒரு பக்கம் டிரைவர், இன்னொரு பக்கம் நன்றாக இருக்கும் பிரேக். வழக்கு யார் மேல் போகும் என்று சொல்ல வேண்டியதில்லை. டீசல் கணக்கை ஓனரிடம் லிட்டர் லிட்டராக ஒப்படைக்க வேண்டிய டிரைவர் ஏன் கியரை எடுக்கிறார் என்பது அந்த வழக்கில் வராது.

கணினி உலகில் இதைவிடக் கொடிய ஒரு சம்பவம் உண்டு. கனடாவின் ஏஇசிஎல் நிறுவனம் செய்த தெராக்-25 என்ற கதிர்வீச்சுச் சிகிச்சை இயந்திரம் 1985க்கும் 1987க்கும் இடையே ஆறு நோயாளிகளுக்கு அளவுக்கு மீறிய கதிர்வீச்சைக் கொடுத்தது. 1986 மார்ச்சில் டெக்சாஸ் மாநிலத்தின் டைலர் நகரத்து மருத்துவமனையில் ஒருவர் சிகிச்சை மேசையிலேயே சுட்ட வலியில் துடித்தார். திரையில் ‘மால்ஃபங்ஷன் 54’ என்று மட்டும் வந்தது. நிறுவனத்துப் பொறியாளர்கள் வந்து ஓட்டிப் பார்த்தார்கள், வரவில்லை. இந்த இயந்திரம் அதிகமாகக் கொடுக்க வாய்ப்பே இல்லை, மின் அதிர்ச்சியாக இருக்கலாம் என்றார்கள். ஏப்ரலில் இயந்திரம் மறுபடி ஓடத் தொடங்கியது. சில நாளில் அதே திரை, அதே எண், இன்னொரு நோயாளி.

இரண்டாவது முறைக்குப் பிறகு அந்த மருத்துவமனையின் இயற்பியலாளர் ஃப்ரிட்ஸ் ஹேகர் இயந்திரத்தை விட்டுவிட்டு, அதை இயக்கிய பெண்மணியோடு உட்கார்ந்தார். அன்று என்ன செய்தீர்கள், அப்படியே செய்யுங்கள். எலெக்ட்ரான் என்று அடிக்க வேண்டிய இடத்தில் எக்ஸ்ரே என்று அடித்துவிட்டு, மேலே போய்த் திருத்திவிட்டு இறங்கியதாக அவருக்கு நினைவிருந்தது. செய்து பார்த்தார்கள், வரவில்லை. வேகமாகச் செய்தபோது வந்தது. இயந்திரத்தின் காந்தங்கள் தயாராக எடுக்கும் எட்டு நொடிக்குள் திருத்தி முடித்தால் மட்டும் நிரல் அந்தத் திருத்தத்தைக் கவனிக்காமல் விட்டது. நிதானமாகத் தட்டிய பொறியாளர்களுக்கு அது ஒருநாளும் வந்திருக்காது. தினமும் அதே வேலையைச் செய்து கை தேர்ந்தவருக்குத்தான் வரும். திறமைதான் அங்கே பழுதைக் கிளப்பும் நிபந்தனையாக இருந்திருக்கிறது. நான்சி லெவ்சனும் கிளார்க் டர்னரும் 1993இல் இதை முழுக்க ஆராய்ந்து எழுதினார்கள், பொறியியல் மாணவர்களுக்கு இன்றும் பாடம் அது.

ஹேகர் செய்ததை ஒரு ரிப்பேர் கடை செய்யலாம், பெரிய செலவில்லை. “என்ன கோளாறு?” என்பதற்குப் பதிலாக “எப்போ, எங்கே, எந்த வெளிச்சத்துல, அதுக்கு முன்னாடி என்ன பண்ணிட்டு இருந்தீங்க?” என்று கேட்டால் போதும். சென்னை ரிச்சி தெருவில் அப்படிக் கேட்கிற பெரியவர்கள் சிலரைப் பார்த்திருக்கிறேன். மீட்டரைக் கையில் எடுக்காமலே பாதி கண்டுபிடித்துவிடுவார்கள். வாடிக்கையாளர் உளறுவதில்தான் விஷயம் இருக்கிறது என்று அனுபவம் அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கும். ஆனால் அந்தக் கேள்விகளுக்கு நேரம் வேண்டும். போர்டை அப்படியே மாற்றிவிடும் காலத்தில் நேரத்துக்கு பில் போட முடியாது. அதோடு, மாற்ற போர்டு கிடைக்கிற காலமும் முடிந்துகொண்டிருக்கிறது. 2020இல் வந்த கேனான் 1டி எக்ஸ் மார்க் 3, நிக்கான் டி6 ஆகியவற்றுக்குப் பிறகு அந்த உயர் வரிசைகளில் புது டிஎஸ்எல்ஆர் வரவில்லை. கம்பெனிகள் கண்ணாடி இல்லாத கேமராவுக்குப் போய்விட்டன. கைவிடப்பட்ட டிஎஸ்எல்ஆர்கள் மலிவாகக் கிடைக்கின்றன, தர்மபுரி மாதிரி ஊர்களில் கல்யாண வேலையைத் தொடங்கும் பையன்கள் அவற்றைத்தான் வாங்குகிறார்கள். வயதான இயந்திரத்துக்கு வருவது பெரும்பாலும் இந்த விட்டு விட்டு வரும் வியாதிதான்.

நண்பர் இரண்டாம் முறை சேலம் போனபோது வெறும் கேமராவைக் கொண்டுபோகவில்லை. ஜூம் எந்த எண்ணில் நிற்கும்போது, எந்தத் திறப்பில் பிழை வருகிறது என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டார். அது நடக்கும்போது செல்போனில் எடுத்த வீடியோவும் இருந்தது. ரிப்பேர்க்காரர் இந்த முறை கேமராவை ஆட்டோவில் வைக்கவில்லை. தாளில் இருந்தபடி வைத்து அழுத்தினார், நின்றது. “அட, இதழ் கேபிளுங்க இது. முதல்லயே இப்படிச் சொல்லியிருக்கலாமே தம்பி!” என்றார். நண்பர் பல்லைக் கடித்துக்கொண்டு வந்ததாகச் சொன்னார். லென்ஸைப் பிரித்து ரிப்பனை மாற்றுவது நுணுக்கமான வேலை, இதழ்த் தொகுதியையே வெளியே எடுக்க வேண்டும். நன்றாகச் செய்து கொடுத்தார், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. லென்ஸைத் திரும்ப வாங்கும்போது நண்பர் அவரைக் கடைக்கு வெளியே, நடுத்தெரு வெயிலுக்கு வரவழைத்து அங்கே வைத்துத்தான் சோதித்திருக்கிறார். பக்கத்துக் கடைக்காரர்கள் வேடிக்கை பார்த்தார்களாம்.

அதன் பிறகு எஃப்8-இல் அகலக் கோணப் படங்கள் மறுபடி குவிகின்றன. ஒரே ஒரு முறை மட்டும், மார்கழி விடியலில், சிவாடி ஸ்டேஷன் பக்கம் பனிமூட்டத்தில், முழுக்கத் திறந்த லென்ஸில் கேமரா மறுபடி நின்றது. வெயிலும் இல்லை, இதழ்களும் அசையவில்லை. நாங்கள் கட்டிய விளக்கத்துக்குள் அது அடங்கவே இல்லை. குளிரில் பழைய பேட்டரியின் மின்னழுத்தம் இறங்கியிருக்கும் என்கிறேன் நான். கார்டுதான் என்கிறார் அவர். மலிவாகக் கிடைத்தது என்று வாங்கிய கார்டு அது. அடுத்த பனிக்காலையில் பேட்டரியை மட்டும் மாற்றிக்கொண்டு போவது, கார்டைத் தொடுவதில்லை, லென்ஸைக் கழற்றுவதும் இல்லை என்று பேசி வைத்திருக்கிறோம்.